கொக்கி வாசர்

குருமண்வெளித் துறையில் பாதை வந்து அணைந்ததும் முதலில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஏறுவார்கள். அவர்களுக்குப் பின்னால் சைக்கிள்கள். கடைசியாக நடந்து வந்தவர்கள். 'பாதை' என்று நான் எழுதுவது தெருவை அல்ல. மட்டக்களப்பில் வாவியைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் மிதவைக்கு அதுதான் பெயர். களுவாஞ்சிகுடிப் பக்கம் எழுவான்கரை, மண்டூர்ப் பக்கம் படுவான்கரை. நான் எழுவான்கரையில் குடியிருந்து படுவான்கரையில் படிப்பிக்கிறேன். ஆகவே வேலை நாளில் இரண்டு தடவை சைக்கிளின் முன்பக்கத்தை ஹாண்டிலோடு பிடித்துத் தூக்கி பாதையில் வைக்கிறேன், இரண்டு தடவை இறக்குகிறேன்.

இந்தத் தூக்குதலைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

2022 ஜூலையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய். விலை கூட இரண்டாம் பட்சம், ஷெட்டில் எண்ணெயே இல்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். அதுவரை நான் கணவரின் மோட்டார் சைக்கிளில் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். வண்டி முற்றத்தில் நின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபோது வாரத்தில் மூன்று நாள்தான். என் தங்கையின் பழைய ஜப்பான் சைக்கிள் பின் விறாந்தையில் சாய்ந்து கிடந்தது. முன்னால் கூடை வைத்த, பாரம் கூடிய, நல்ல இரும்புச் சைக்கிள். தூசி துடைத்து, காற்றடித்து, எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை முன் டயரில் காற்று இறங்கியிருந்தது. அந்த நேரம் சைக்கிள் கடைகளில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஊரிலே பத்து வருடமாக மூலையில் கிடந்த சைக்கிளெல்லாம் ஒரே மாதத்தில் கடைக்கு வந்தால் வேறென்ன நடக்கும். ஒட்டுப் போடுவது எனக்குத் தெரியும், அப்பா பழக்கியிருந்தார். சில்லைக் கழற்றாமல் டியூபை மட்டும் வெளியே இழுத்து ஒட்டலாம் என்பதும் தெரியும். ஆனால் டயரும் தேய்ந்திருந்ததால் வேறு டயர் போட நினைத்து முன் சில்லைக் கழற்றினேன்.

எங்கள் முற்றம் மணல். கழற்றும்போது இடப்பக்க நட்டு விரலிலிருந்து நழுவியது. அரைமணி நேரம் மணலைச் சலித்துத் தேடியும் கிடைக்கவில்லை. பழைய டின் ஒன்றில் ஆணி, நட்டு, கொளுக்கி எல்லாம் போட்டு வைத்திருக்கிறோம், எல்லார் வீட்டிலும் இருக்குமே. அதற்குள் அளவு சரிபோலத் தெரிந்த ஒரு நட்டை எடுத்தேன். கையால் ஒன்றரைச் சுற்றுப் போனது, அங்கே நின்றது. துருப் பிடித்திருக்கும் என்று நினைத்து ஸ்பானரைப் போட்டு முறுக்கினேன். நன்றாக இறுகிற்று. அந்த இறுக்கத்தை நான் நம்பினேன்.

இன்னொன்றும் செய்தேன். கழற்றிய சாமான்களில் விநோதமான இரண்டு வாசர்கள் இருந்தன. நடுவில் துளை, ஒரு பக்கத்தில் சிறிய நாக்கு நீண்டு, நுனி கொக்கிபோல உள்ளே மடிந்திருந்தது. அவை எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைக் கழற்றும்போது கவனிக்கவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். கொக்கி எங்கோ இடித்து, வாசர் தட்டையாக உட்காரவே இல்லை. சில்லு கிட்டத்தட்டப் பூட்டியாகிவிட்டது, இருட்டிக்கொண்டும் வந்தது. அவை இரண்டையும் டின்னுக்குள் போட்டுவிட்டேன்.

செவ்வாய் ஒரு குறையும் இல்லை. புதன் வரும்போது முன்பக்கத்தில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். கூடையில் இருந்த திறப்புக் கோர்வை என்று நினைத்தேன். வியாழன் காலை துறையில், கூடையில் முப்பத்திரண்டு கொப்பிகளோடு, வழக்கம்போல ஹாண்டிலைப் பிடித்துத் தூக்கினேன். கை திடீரென்று லேசாயிற்று. முன் சில்லு போர்க்கை, அதாவது சில்லை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் இரட்டைக் காலை, விட்டுக் கீழே இறங்கிவிட்டது. இடப்பக்கம் முழுதாக வெளியே. வலப்பக்கம் மட்காட் கம்பியிலும் கூடைக் காலிலும் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிடி தவறி, போர்க்கின் வெறுங்கால்கள் ஏறுபலகையில் மோதின. கூடை சரிந்தது. கொப்பிகள் பாதிக்கு மேல் பலகை ஓரத்துத் தண்ணீரில். பாதைக்கார அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறி என்னிடம் தந்தார். "ரோட்டுல கழண்டிருந்தா என்ன பாடு தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் அன்றைக்கு முழுதும் என்னோடு இருந்தது. கால் மணி நேரத்துக்கு முன்புதான் பிரதான வீதியில் பஸ்களுக்குப் பக்கத்தில் வந்திருந்தேன். அங்கே ஒரு பள்ளத்தில் முன் சில்லு துள்ளியிருந்தால்?

மண்டூரில் இறங்கி, சில்லை ஒரு கையிலும் சைக்கிளை ஒரு கையிலுமாக இழுத்துக்கொண்டு, ஒரு மரத்தடியில் சைக்கிள் திருத்தும் மாமா ஒருவரிடம் போனேன். பெயரை எழுதினால் அவர் விரும்பமாட்டார். எழுபது வயதுக்கு மேல், கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். அவர் முதலில் என் சில்லைப் பார்க்கவில்லை. போர்க்கின் காலைப் பார்த்தார்.

"டீச்சர், இந்தா இந்த ஓட்டை என்னத்துக்கு இருக்கு எண்டு தெரியுமா?"

அச்சு உட்காரும் வெட்டுக்கு ஒரு விரல் மேலே, சின்ன ஓட்டை. பல வருடம் அந்தச் சைக்கிளைத் துடைத்திருக்கிறேன், அப்படி ஒன்று இருப்பதையே பார்த்ததில்லை.

"தெரியாது மாமா."

"இதுக்குள்ள ஒரு கொக்கி வாசர் இருக்கணும். எங்க அது?"

டின்னுக்குள் போட்டதைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. சில்லை நிமிர்த்திப் பிடித்துப் போர்க்கை அதன்மேல் இறக்கிக் காட்டினார். "பாருங்க. நிலத்துல நிக்கிற வரைக்கும் சைக்கிள்ட பாரம் சில்லுக்கு மேல இருக்கு. நட்டே இல்லாட்டியும் இருக்கும். ஒள்ளுப்பம் தூக்கினீங்களா, மறுகா சில்லுக்குப் பிடி இல்ல."

அன்றுதான் எனக்கு விளங்கியது. எங்கள் சைக்கிள்களில் பின் சில்லின் வெட்டு முன்னுக்கோ பின்னுக்கோ திறந்திருக்கும். முன் சில்லின் வெட்டு நேரே கீழ்நோக்கித் திறந்தது. ஓடும்போது பாரம் அச்சை வெட்டின் உச்சிக்கு அழுத்துகிறது. அதனால் நட்டு தளர்ந்த சைக்கிளும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும், மூன்று நாள்கூட ஓடும். குழியில் துள்ளும்போதும், ஒரு படி ஏற்றத் தூக்கும்போதும், பாதையில் ஏற்றும்போதும்தான் அச்சுக்கு இறங்க வழி கிடைக்கிறது. தளர்ந்த நட்டைக் கொக்கி இறுக்காது. ஆனால் அதன் நுனி போர்க்கின் ஓட்டையில் மாட்டியிருப்பதால், நட்டு தளர்ந்தாலும் அச்சு வெட்டை விட்டுக் கீழே போக முடியாது. சில்லு ஆடும், சத்தம் போடும், இறங்கிப் பார்க்க அவகாசம் கிடைக்கும். என் புதன்கிழமை 'டிக்' சத்தத்துக்குப் பிறகு எனக்கு இல்லாமல் போனது அந்த அவகாசம்தான்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் இல்லாவிட்டாலும் டின்னோடு திரும்பிப் போனேன். மாமா என்னையே பூட்டச் சொன்னார். அவர் சொல்லிய ஒழுங்கை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அன்று என் வீட்டு முற்றத்தில் இதை எழுதி வைத்த ஒரு தாள் இருந்திருந்தால் போதும்.

சில்லின் நடுவிலிருந்து வெளியே வருவோம். ஹப் என்ற நடுக்குடம், அதன் குண்டுகளை அடக்கிப் பிடிக்கும் கோன், கோனைப் பூட்டும் மெல்லிய நட்டு. இவையெல்லாம் போர்க்குக்கு உள்ளே. இவற்றுக்கும் போர்க்குக்கும் இடையில் வேறொன்றும் வரக்கூடாது. மட்காட் கம்பியை உள்ளே விட்டுப் பூட்டிய சைக்கிள்களைப் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன், போர்க் அகன்று அச்சு நேராக உட்காராமல் நிற்கும். அடுத்தது போர்க்கின் தட்டு. அதற்கு வெளியே, தட்டோடு ஒட்டி, கொக்கி வாசர். கொக்கி உள்நோக்கி, நுனி அந்த ஓட்டைக்குள். நான் திருப்பித் திருப்பி வைத்தபோது இடித்தது இதனால்தான். ஓட்டையைத் தேடாமல் கொக்கியைப் போர்க்கின் மேல் வைத்து அமத்தியிருக்கிறேன். கொக்கி வாசருக்கு மேல் மட்காட் கம்பியின் கண். அதற்கு மேல் கூடையின் கால். அதற்கு மேல் சாதாரணத் தட்டை வாசர். கடைசியில் நட்டு.

தட்டை வாசர் எதற்கு என்று கேட்டேன். மாமா அதை எடுத்துவிட்டு நட்டை முறுக்கிக் காட்டினார். நட்டோடு சேர்ந்து கூடைக் காலும் சுற்றி வளைந்து வந்தது. வாசரைப் போட்டதும் கால் அசையவில்லை. நட்டு வாசரில் உரசிச் சுற்றுகிறது, வாசர் காலை நேராக அழுத்துகிறது. சில நட்டுகளில் வாசர் சேர்ந்தே இருக்கும், சிலவற்றின் அடியில் பல்லு வெட்டியிருக்கும். பல்லுப் பக்கம் உள்ளேதான் பார்க்க வேண்டும், கடிப்பதற்குத்தான் அது.

வாசர் என்றால் இடைவெளியை அடைக்கும் தகடு என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருப்பதைக் கையால் பார்த்த நாள் அது, சந்தோஷமாகவே இருந்தது.

இனி அந்த நட்டுக்கு வருகிறேன். மாமா என் டின் நட்டை அச்சின் நுனியில் வைத்து, விரலால் சுற்றி, ஒன்றரைச் சுற்றில் நின்றதும் எடுத்துவிட்டார். "இது கட்டட வேலை நட்டு" என்றார். அந்தச் சைக்கிளின் முன் அச்சு 5/16 அங்குலம். மில்லிமீற்றரில் 7.94. கடையில் கிடைக்கும் 8 மில்லிமீற்றர் நட்டுக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. வித்தியாசம் புரியில், சுற்றி வெட்டிய சுருள் வரியில், இருக்கிறது. சைக்கிள் அச்சில் ஓர் அங்குலத்துக்கு 26 புரி, அதாவது ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். சாதாரண 8 மில்லிமீற்றர் நட்டில் அது 1.25. முதல் சுற்றில் இரண்டும் ஒத்துப்போவதுபோல இருக்கும், பிறகு ஒன்றையொன்று தின்னும். நான் ஸ்பானரில் உணர்ந்த இறுக்கம் புரிகள் ஒன்றோடொன்று சண்டை பிடித்த இறுக்கம். போர்க்கை அழுத்திய இறுக்கம் அல்ல. கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதுதான் ஆபத்து.

அதனால் இப்போது நான் எந்த நட்டையும் முதலில் விரலால் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன். சுத்தமான அச்சில் சரியான நட்டு கடைசிவரை விரலாலேயே போகும். நடுவில் நின்றால் அது வேறு நட்டு, அல்லது புரி கெட்டுவிட்டது. ஸ்பானர் எடுக்கும் நேரம் அது இல்லை. நட்டு முழுவதும் புரிக்குள் வந்து, அச்சின் நுனி நட்டின் முகத்தோடு சமமாகவோ கொஞ்சம் வெளியேயோ தெரிய வேண்டும். தடித்த கூடைக் கால் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சாமான் கூடக் கூட, நட்டுக்கு மிஞ்சும் புரி குறைகிறது.

என் அச்சின் இடப்பக்கப் புரியை நான் ஏற்கெனவே தின்னக் கொடுத்துவிட்டதால் அச்சையே மாற்ற வேண்டி வந்தது. அந்தச் சாக்கில் ஹப்பின் உள்ளையும் பார்த்தேன். பக்கத்துக்குப் பத்து உருக்குக் குண்டுகள், ஒவ்வொன்றும் 3/16 அங்குலம், கறுத்த கிறீஸில் புதைந்து கிடந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் பூசி, குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, கோனை விரலால் இறுக்கி, ஒரு கீறளவு திரும்பத் தளர்த்தி, மெல்லிய நட்டால் பூட்டினோம். கோன் சரியா என்று பார்ப்பதற்கு மாமா வைத்திருக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முன்பக்கத்தைத் தூக்கி, சில்லை மெல்லத் தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். கிறுகிக் கிறுகி வேகம் குறைந்து, வால்வு இருக்கும் பாரமான பக்கம் கீழே வந்து, ஊஞ்சல்போல இரண்டு மூன்று தரம் ஆடி நிற்க வேண்டும். ஆடாமல் சட்டென்று நின்றால் கோன் கூட இறுகிவிட்டது. றிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டக்' என்றால் தளர்ந்திருக்கிறது.

இறுக்கும் விதம். நம்மில் பலர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத்தான் சில்லுப் பூட்டுவோம். கூடை உள்ள சைக்கிளை அப்படி வைக்க முடியாது. நிலத்தில் நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு நட்டையும் விரல் இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, ஹாண்டிலை மேலிருந்து ஒருமுறை அழுத்தினால் அச்சு இரண்டு பக்கமும் வெட்டின் உச்சியில் போய் உட்காரும். டயர் போர்க்கின் நடுவில் நிற்கிறதா, பிரேக் கட்டைகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியா என்று முன்னால் நின்று பார்க்க வேண்டும். பிறகு ஸ்பானர். வலப்பக்கம் கால் சுற்று, இடப்பக்கம் கால் சுற்று, மாறி மாறி. ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் சில்லு சரிந்துகொள்ளும். என் நட்டுகளுக்கு 14 ஆம் நம்பர் ஸ்பானர். வாய் கூட்டிக் குறைக்கும் ஸ்பானரால் முறுக்கி நட்டின் மூலைகளை உருட்டிவிட்டால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. முன் நட்டுகள் இரண்டும் வழக்கமான பக்கமே இறுகும். இடப்பக்கப் பெடல்தான் எதிர்ப்பக்கம் இறுகுவது, அதை நினைத்துக்கொண்டு இங்கே குழம்ப வேண்டாம்.

வலப்பக்க நட்டு சரியான நட்டுத்தானே, அது ஏன் தளர்ந்தது என்ற கேள்வி எனக்கு இருந்தது. ஒரு நட்டு இறுகும்போது அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது, அந்த இழுவிசைதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. இடையில் இருக்கும் பெயின்டும் மட்காட் கம்பியின் மெல்லிய கண்ணும் ஓட ஓட நசிந்து மெலிகின்றன. ஒரு மயிரிழை மெலிந்தாலே அந்த இழுவை பெரிய அளவில் குறைந்துவிடும். ஆகவே புதிதாகப் பூட்டிய சில்லை இரண்டாம் நாள் திரும்ப ஒருமுறை இறுக்க வேண்டும். மாமாவிடம் அந்த விளக்கம் இல்லை. "ரெண்டு நாள் ஓடிட்டுக் கொண்டாங்க புள்ள" என்பார், அவ்வளவுதான். கட்டட இரும்பு வேலை செய்யும் என் தம்பியிடம் கேட்டுத்தான் காரணத்தை அறிந்தேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்.

புதிதாக வரும் டிஸ்க் பிரேக் சைக்கிள்களை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். சாதாரண முன் பிரேக் றிம்மைப் பிடிக்கிறது. டிஸ்க் பிரேக் போர்க் காலுக்குப் பின்னால் இருந்து, சில்லோடு சுற்றும் தட்டைப் பிடிப்பதால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அச்சைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, அதாவது வெட்டு திறந்திருக்கும் பக்கம். பாதையில் தூக்கும்போது மட்டும் எனக்கு வந்தது, அவர்களுக்கு ஓடும்போதே வரலாம். நட்டோ, நட்டுக்குப் பதிலாக மடக்கி இறுக்கும் நெம்பு பிடியோ, இறுக்கத்தை அடிக்கடி பாருங்கள்.

எங்கள் ஊர்ச் சைக்கிளுக்கு இன்னொரு பகை இருக்கிறது. வாவித் தண்ணீர் உவர். முகத்துவாரத்தால் கடல் உள்ளே வருகிறது, இந்தப் பக்கம் கடற்காற்றும் சேர்கிறது. பாதையின் தட்டில் தெறிக்கும் தண்ணீர் முன் அச்சிலும் படும். நட்டில் முதலில் வெள்ளைப் பொடிபோல வரும், பிறகுதான் செந்துரு. வெள்ளையாக இருக்கும்போதே துடைத்துப் பூட்டும் புரியில் கிறீஸ் பூசி வைத்தால் அடுத்த வருடமும் அதே நட்டு விரலால் கழன்று வரும். தேங்காயெண்ணெய் பூசாதீர்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து, ஆனால் சைக்கிளில் நாள்போகப் பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஈரமான கொப்பிகளை அன்று வகுப்பறை யன்னலில் வரிசையாக விரித்துக் காயவைத்தோம். என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னேன். இடைவேளையில் நான்கு பேர் தங்கள் சைக்கிள்களை என் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அன்று எனக்கு ஓட்டையைத் தேடத்தான் தெரியும், அதைத் தேடினோம். மூன்றில் கொக்கி வாசர் இல்லை. ஒன்றில் இருந்தது, ஆனால் கொக்கி வெளியே பார்த்தபடி. ஒரு பிள்ளையின் அப்பா அதே சைக்கிளின் கரியரில் விறகு கட்டி இதே பாதையால் களுவாஞ்சிகுடிக்குக் கொண்டுபோகிறவர். இன்னொரு பிள்ளை தம்பியைப் பாரில் ஏற்றிக்கொண்டு வருகிறவள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு வியாழன், கடைசிப் பாடம் முடிந்து, வேப்பமரத்தடியில் சைக்கிள்களை நிறுத்துகிறோம். பிள்ளைகள் தாங்களே பார்க்கிறார்கள். முன்பக்கத்தை ஒரு சாண் தூக்கிப் பிடித்து, டயரின் மேற்பக்கத்தில் உள்ளங்கையால் பலமாக ஓர் அடி. சில்லு அசையக்கூடாது. பிறகு அதே உயரத்திலிருந்து கீழே விட்டுச் சத்தம் கேட்பது. பிறகு குனிந்து கொக்கியைப் பார்ப்பது. பழைய போர்க்குகள் சிலவற்றில் அந்த ஓட்டையே இல்லை, அவற்றுக்குப் பல்லு வெட்டிய வாசர் போட்டு, வாரம் ஒருமுறை நட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

டின்னிலிருந்து மீட்ட இரண்டு கொக்கி வாசர்களும் இப்போது என் சைக்கிளில்தான் இருக்கின்றன. பட்டணத்திலிருந்து வாங்கி வந்த இன்னும் ஆறு, கைப்பையின் பக்கப் பொக்கற்றில். 5/16 அச்சுக்கு உரியவை. காலையில் பாதைக்கு நிற்கும்போது பக்கத்துச் சைக்கிளின் முன் சில்லைக் குனிந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போன கிழமை ஒரு தயிர்க்காரத் தம்பியின் சைக்கிளில் ஓட்டை வெறுமையாக இருந்தது. பாதை அக்கரையில் நின்றது, திரும்பி வர எப்படியும் பதினைந்து நிமிடம் ஆகும். சட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு 14 ஆம் நம்பர் ஸ்பானரை எடுத்தேன்.